வாசல் கேமராவுக்கு கேபிள் இழுப்பது: சென்னை வெயிலும் மழையும் தாங்கும்படி ஒரு வழிகாட்டி

திருவான்மியூரில், கடற்கரைக்கு மூன்று தெரு உள்ளே இருக்கிறது என் அத்தையின் வீடு. அங்கே வாசலில் மாட்டிய கேமரா இரண்டாவது ஐப்பசி மழையிலேயே கண்ணை மூடிக்கொண்டது. "கேமரா போய்விட்டதடா, புதிதாக ஒன்று வாங்கி வா" என்றார் அத்தை. ஏணி போட்டு ஏறினேன். கேமராவின் வாலும் (அதிலிருந்து வெளியே நீளும் குட்டி வயர்) கேபிளும் சேரும் இடத்தில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தபோது அதன் பசை உருகி விரலில் இழுபட்டது. உள்ளே இருந்த கனெக்டரைச் சாய்த்ததும் நாலு சொட்டுத் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. எட்டுத் தகடுகளில் மூன்றின் மேல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கேமராவைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுவந்து, அதன் வாலை ஸ்பிரிட் தொட்ட பழைய பல் துலக்கியால் தேய்த்துத் துடைத்து, வேறொரு கேபிளில் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது. கேமராவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கெட்டது கேபிள் இணைப்புதான்.

அதற்குப் பிறகு உறவிலும் தெருவிலுமாகப் பல வீடுகளுக்குக் கேபிள் இழுத்துவிட்டேன். ஒரு வீடு தவறாமல், எல்லோரும் கேமராவைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவிட்டு, கேபிளைக் கடைசி நிமிடத்தில் வாங்குகிறார்கள். கேமராவை மாற்றுவது பத்து நிமிட வேலை. சுவரில் பதிந்து, பைப்பில் புகுந்து, சஜ்ஜாவின் அடியில் ஓடும் கேபிளை மாற்றுவது ஒரு நாள் வேலை. ஆகவே கவலையை இடம் மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தனி வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும், இரண்டு மூன்று கேமராக்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பாதையை நடந்து பார்ப்பது

டிரில்லைத் தொடுவதற்கு முன்பு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். கேபிளின் ஒரு நுனி ரூட்டர் இருக்கும் இடம், மறுநுனி கேமரா. இடையில் எத்தனை மூலைகள், எங்கே வெயில், எங்கே மழைநீர்க் குழாய், ஏசியின் வெளிப்பெட்டி எங்கே, எந்த மரக்கிளை சுவரைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாங்கிளையோ முருங்கைக்கிளையோ தொடும் இடத்தில் அணில் நிச்சயம் வரும். அணிலுக்கும் எலிக்கும் கேபிள் உறை என்றால் பல் தீட்டும் கட்டை. அங்கே பைப் இல்லாமல் விடவே கூடாது.

வடக்குச் சுவர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆண்டின் பெரும்பகுதி அதில் வெயில் குறைவு. சஜ்ஜாவின் அடிப்பக்கம் இன்னும் நல்லது, வெயிலும் மழையும் நேராகப் படாது. மொட்டை மாடித் தரையில் கேபிளைக் கிடத்துவது மிக மோசமான வழி. கத்திரி வெயிலில் அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்றவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. போதாதற்கு மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் தேங்கும்.

மரத்திலிருந்து மரத்துக்கும், வீட்டிலிருந்து மின்கம்பத்துக்கும் கட்டித் தொங்கவிடுவதும் வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது, சாய்ந்த மரங்களோடு தொங்கிக்கொண்டிருந்த கேபிள்களெல்லாம் சேர்ந்து போனதைப் பார்த்தவர்கள் நாம். மின்வாரியக் கம்பத்தைத் தொடுவது சட்டப்படியும் உயிர்ப்படியும் தவறு. கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் மின்கம்பி எங்கே சுவரைத் தொடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்து, ஏணியை அதற்கு எட்டாத பக்கத்தில் மட்டுமே சாத்துங்கள்.

நீளத்தை அளக்க ஒரு சணல் கயிற்றைப் பாதை நெடுகப் பிடித்துப் பாருங்கள். வரும் அளவோடு கேமராப் பக்கம் 1 மீட்டர், உள்ளே 2 மீட்டர் கூட்டுங்கள். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். சென்னையில் ஒன்றரை கிரவுண்டு வீட்டில் அந்த எல்லை குறுக்கே வராது.

எந்த கேபிள்

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், ஈதர்நெட் கேபிளில் ஒரு வகையான கேட்6 கேபிள் என்று கேட்டால் இரண்டு வகை எடுத்துப்போடுவார்கள். ஒன்று முழுச் செம்பு. மற்றது அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சு. பெட்டியில் 'சிசிஏ' என்று இருக்கும், சில பெட்டிகளில் அதுவும் இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பேனாக்கத்தியால் ஒரு கம்பியின் மேல்பரப்பைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும். பூச்சுக் கம்பியில் வெள்ளி நிறம் தெரியும். நுனியை ஏழெட்டு முறை முன்னும் பின்னும் மடக்குங்கள். அலுமினியம் சீக்கிரமே முறிந்துவிடும். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? பூச்சுக் கம்பியின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். போதாதற்கு, உப்புக்காற்றில் பூச்சு கீறிய இடத்தில் அலுமினியம் விரைவாக அரிக்கும். பெசன்ட் நகர், திருவொற்றியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள் இதை வாங்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது உறை. வீட்டுக்குள் போடும் கேபிளின் சாம்பல் அல்லது நீல நிற பிவிசி உறை புற ஊதாக் கதிரில் வெளிறி, இறுகி, சில வருடங்களில் முதலைத் தோல் மாதிரி வெடிக்கும். வெளிப்புற கேபிளின் உறை கறுப்புப் பாலிஎதிலீன். அதில் கலந்திருக்கும் கரித்தூள்தான் வெயிலைத் தடுக்கிறது. "பைப்புக்குள்தானே சார் போகிறது, உள் கேபிளே போதும்" என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். வெயிலைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வெளியே இருக்கும் பைப்புக்குள் ஈரம் சேராமல் இருக்கவே இருக்காது. பகலில் சூடாகி இரவில் குளிரும் காற்று அதற்குள் வியர்க்கிறது. கறுப்பு உறைதான் வேண்டும். கேட் தூணுக்கு மண்ணுக்கடியில் கொண்டுபோவதானால், உள்ளே ஜெல் நிரப்பிய கேபிளை வாங்குங்கள். மண்ணுக்குள் போகும் பைப்பில் தண்ணீர் புகுந்தே தீரும் என்று எண்ணிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

முழுப் பெட்டி 305 மீட்டர் இருக்கும். இரண்டு கேமராவுக்கு அவ்வளவு தேவையில்லை; மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். உறையின் மேல் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கழித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மின்சாரமும் அதே கேபிளில்

வாசலில் ஒரு பிளக், அதில் 12 வோல்ட் அடாப்டர், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை: இந்தக் காட்சியை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! அது ஆபத்து. பிஓஇ என்ற முறையில் நெட்வொர்க் கேபிளே மின்சாரத்தையும் சுமக்கிறது. வீட்டுக்குள் ஒரு பிஓஇ ஸ்விட்ச் இருந்தால் போதும், வெளியே மின்சார வேலையே கிடையாது. அந்த ஸ்விட்சையும் ரூட்டரையும் ஒரு சிறு யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டால் மின்வெட்டிலும் கேமரா விழித்திருக்கும்.

சிலர் கேபிளில் மீந்திருக்கும் கம்பிகளில் 12 வோல்ட்டை அனுப்பிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பிக்கு 100 மீட்டருக்குச் சுமார் 8.5 ஓம் மின்தடை. 30 மீட்டர் போய், 30 மீட்டர் திரும்பினால் 5 ஓம். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா அரை ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே 2.5 வோல்ட் கரைந்து, கேமராவுக்கு 9.5தான் சேரும். பூச்சுக் கம்பியானால் 8 வோல்ட். பகல் முழுக்க ஒழுங்காக ஓடிய கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிவதற்குக் காரணம் பல வீடுகளில் இதுதான். பிஓஇ ஏறக்குறைய 48 வோல்ட்டில் போவதால் அதே திறனுக்கு மின்னோட்டம் நாலில் ஒரு பங்கு. இதே தூரத்தில் இழப்பு அரை வோல்ட்டைக்கூடத் தொடாது.

வாங்கும்போது, பிஓஇயின் தர எண்ணான '802.3ஏஎஃப்' (802.3af) என்று ஸ்விட்சிலும் கேமராவிலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தர ஸ்விட்ச், மறுமுனையில் இருப்பது பிஓஇ கருவிதானா என்று சோதித்த பிறகே மின்சாரம் விடும். ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் வரை தரும், கேமராவுக்கு 12.95 வாட் சேரும். சாதாரண வீட்டுக் கேமராவுக்கு அது தாராளம். சோதிக்காமல் எப்போதும் மின்சாரம் விடும் மலிவுக் கருவிகளும் சந்தையில் உண்டு. அவற்றில் தவறிப்போய் லேப்டாப்பைச் செருகினால் செலவு உங்களுடையது.

சுவரில் துளை

முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். பேட்டரி டிரில் இருந்தால் உத்தமம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும், பக்கவாட்டிலும் பதித்த கம்பிகள் ஓடும். அந்தக் கோடுகளில் துளையிடாதீர்கள். தூணிலும் உத்திரத்திலும் கை வைக்கவே வேண்டாம். செங்கல் சுவர் 9 அங்குலம், இரு பக்கப் பூச்சோடு இன்னும் கூடும். ஓர் அடி நீளமுள்ள பிட் வேண்டும்.

உள்ளிருந்து வெளியே, நுனி சற்றே கீழே சரியும்படி துளையிடுங்கள். அந்தச் சரிவு இருந்தால் மழைநீர் உள்ளே ஏறாது. கடைசி ஓர் அங்குலத்தில் அழுத்தத்தைக் குறைத்து மெதுவாகப் போங்கள்; அவசரப்பட்டால் வெளிப்பூச்சு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். கனெக்டர் மாட்டிய கேபிள் சிறு துளையில் நுழையாது. ஆகவே கேபிளை வெறுமையாக நுழைத்து, பிறகு நுனி கட்டுவதுதான் முறை. ரெடிமேடாகக் கனெக்டர் வைத்து விற்கும் கேபிளை வாங்காதீர்கள் என்று சொல்வதும் அதனால்தான்.

பைப்பும் இழுப்பும்

25 மில்லிமீட்டர் பிவிசி பைப் போதும். இரண்டு அடிக்கு ஒரு கிளாம்ப். பைப்பை நெரிக்கும்படி இறுக்க வேண்டாம், வெயிலில் அது நீளும். இரண்டு பெண்டுகளுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். பைப்பின் திறந்த வாய் எப்போதும் தரையைப் பார்க்க வேண்டும். பாதையில் எது மிகத் தாழ்ந்த இடமோ அங்கே, அடிப்பக்கம், 5 மில்லிமீட்டரில் ஒரு துளை போடுங்கள். புதியவர்கள் இதைக் கேட்டதும் திகைக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கத்தானே பைப்? உண்மையில் எவ்வளவு ஒட்டினாலும் கொஞ்சம் ஈரம் வரும். வந்தது வெளியேற வழி இல்லாவிட்டால் கேபிள் ஆண்டு முழுக்கக் குளத்தில் கிடக்கும்.

வீட்டு மின்கம்பி ஓடும் பைப்பில் இதைச் சேர்க்காதீர்கள். தனிப் பைப், ஓர் அடி இடைவெளி. குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இழுப்பதற்கு எலக்ட்ரீஷியன்கள் எஃகுச் சுருள் கம்பி வைத்திருப்பார்கள். அது இல்லாதவர்களுக்கு ஒரு வழி: மெல்லிய பிளாஸ்டிக் பைத் துண்டு ஒன்றை நூலில் கட்டி பைப்பின் ஒரு வாயில் வைத்து, மறுவாயில் வேக்குவம் கிளீனரைப் பிடியுங்கள். நூல் சட்டென்று வந்துவிடும். நூலோடு சணல், சணலோடு கேபிள். கேபிள் உறையில் முகப்பவுடர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெயும் கிரீஸும் உறையைக் கெடுக்கும். 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் பலத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. அதற்கும் வரவில்லை என்றால் எங்கோ சிக்கியிருக்கிறது, பின்னுக்கு இழுத்துச் சரிசெய்யுங்கள். வளைவுகள் ஒரு டீ கிளாஸின் வாயைச் சுற்றிய அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு கேபிள் போகும் இடத்தில் இரண்டாக இழுத்துவிடுங்கள். இரண்டாவது இன்று சும்மா கிடக்கும்; முதலாவது கெடும் நாளில் உங்களுக்கு ஒரு முழு நாள் மிச்சமாகும்.

நுனி கட்டுவது

கேமராவோடு ஒரு சிறு பையில் பிளாஸ்டிக் மூடியும் ரப்பர் வளையங்களும் வரும். கனெக்டரைத் தண்ணீரிலிருந்து காக்கும் உறை அது. கனெக்டரைக் கிரிம்பிங் கருவியால் கேபிள் நுனியில் அழுத்திப் பொருத்துவதற்கு முன்பே அந்தப் பாகங்களைக் கேபிளில் வரிசையாகக் கோத்துவிட வேண்டும். என் முதல் வேலையில் கனெக்டரை அழகாக அழுத்தி, கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்து, ஏணியில் ஏறிய பிறகுதான் மூடி கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். வெட்டிவிட்டு மறுபடி கட்டினேன். கேமராப் பக்கம் 1 மீட்டர் கூடுதலாக விடச் சொன்னது இதற்காகவும்தான்.

உறையை 3 சென்டிமீட்டர் அளவுக்குச் சீவுங்கள். பாலிஎதிலீன் உறை கடினமானது. பிளேடை ஆழமாக ஓட்டினால் உள் கம்பியின் தோலும் கீறும். நான்கு சோடிகளைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, இடமிருந்து வலமாக இந்த வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதன் பெயர் டி568பி. பச்சைச் சோடி நீலத்தைத் தாண்டிப் பிரிந்து உட்காருவதுதான் எல்லோரும் தவறும் இடம். முறுக்கு அவிழ்ந்த பகுதி அரை அங்குலத்துக்கு மேல் போகாதபடி நேராக வெட்டி, தகடுகள் உங்களைப் பார்க்க, பூட்டு மறுபக்கம் இருக்க, கனெக்டருக்குள் தள்ளுங்கள். எட்டுக் கம்பிகளின் நுனியும் கனெக்டரின் முகப்பில் தெரிய வேண்டும். கறுப்பு உறையும் கொஞ்சம் உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு அழுத்துங்கள். கேட்6 கம்பி தடிமனானது, அதற்கென்றே விற்கும் கனெக்டரை வாங்காவிட்டால் கம்பிகள் நுழையாமல் மடங்கும். டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசை மாறாமல் எரிந்தால் இந்த வேலை முடிந்தது.

தண்ணீரைத் திசை திருப்புவது

கேமராவைச் சுவரில் நேராக முடுக்காமல், அதன் பின்னால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி66 தரப் பெட்டி ஒன்றை வைத்து, வாலையும் கனெக்டரையும் அதற்குள் சுருட்டி வையுங்கள். கேபிள் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாகவே நுழையட்டும். நுழையும் இடத்துக்கு முன்பு கேபிள் ஒரு சாண் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அந்தத் தொங்கலின் அடியில் மழைநீர் சொட்டி விழுந்துவிடும். அத்தை வீட்டில் கேபிள் மேலிருந்து நேராகக் கனெக்டருக்குள் இறங்கியிருந்தது. மழைநீருக்கு அது படிக்கட்டு.

மூடி போட்ட கனெக்டர் மேல் சாதாரண டேப் வேண்டாம். தன்மேல் தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும் டேப் கிடைக்கிறது. அதை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். சுவர்த் துளையின் வெளிவாயைச் சிலிக்கான் பசையால் அடையுங்கள். கட்டும் பட்டைகள் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை நைலான் பட்டை இரண்டு கோடையில் பொடிந்துவிடும்.

இடியும் வெள்ளமும்

கேமராவைத் தண்ணீர்த்தொட்டியின் உச்சியில் கம்பம் நட்டு வைக்காதீர்கள். சஜ்ஜாவின் அடி போதும், முகமும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். நீண்ட வெளிப்பாதை இருந்தால் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பிஓஇ மின்னெழுச்சித் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) ஒன்றை வைத்து, அதன் பச்சைக் கம்பியை வீட்டின் எர்த்தோடு சேருங்கள். எர்த்தில் சேர்க்காத தடுப்பான் வெறும் பெட்டி. தோட்டத்துக் கொட்டகை போலத் தனியாக மின்சாரம் வரும் இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோவதானால் செம்பே வேண்டாம், ஃபைபர் போடுங்கள்; மின்னல் அதில் பயணிக்காது.

ஸ்விட்சையும் பதிவுப் பெட்டியையும் தரைத்தளத்தில் டிவி மேசைக்குக் கீழே வைப்பது வழக்கமாக இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் கடந்தவர்கள் அப்படி வைக்க மாட்டார்கள். பரண் மேல், அல்லது மாடியில் வையுங்கள்; காற்றோட்டம் இருக்கட்டும்.

மாட்டிய பிறகு

எல்லாவற்றையும் முடுக்குவதற்கு முன்பு, கேபிளின் இரு நுனியையும் இணைத்து ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். இருட்டில் விளக்கு எரிந்தும் படம் அறுபடாமல் வந்தால் மின்சாரம் சரியாக இருக்கிறது. படத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் தெரிந்தால் கோணத்தை மாற்றுங்கள், அல்லது அந்தப் பகுதியைக் கேமராவின் அமைப்பிலேயே மறைத்துவிடுங்கள். அவர்களை ஒரு முறை அழைத்துத் திரையைக் காட்டிவிடுவது இன்னும் நல்லது.

பிறகு தோட்டத்துக் குழாயைப் பிடித்து, கேமரா மீதும் பெட்டி மீதும் சாய்வாக ஐந்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்து விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஐப்பசி வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டீர்கள். பைப் ஓடும் ஒவ்வொரு சுவரையும், துளைகளை மூடுவதற்கு முன்பு, ஓர் அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்தபடி செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த கோடையில் ஏசி மாட்ட வருபவர் டிரில்லை எடுக்கும்போது அந்தப் படத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும்.